பாட்டு நாயகனுக்கு, பேச்சு இவர்களுக்கு: தமிழின் ஆரம்பகாலப் பேசும்படங்களில் குணச்சித்திர நடிகரின் தொழில்

எம்.கே. தியாகராஜ பாகவதர் 1934இல் ‘பவளக்கொடி’ வழியாகத் திரைக்கு வந்தார். அவர் நடித்த படங்கள் மொத்தமே 14. இரண்டு ஆண்டு கழித்து ‘சதி லீலாவதி’யில் வில்லனாக அறிமுகமானவர் டி.எஸ். பாலையா. 1937இல் வெளிவந்த ‘அம்பிகாபதி’யில் பாகவதர் நாயகன், பாலையா வில்லன். புகழையும் பணத்தையும் வைத்துப் பார்த்தால் பாகவதருக்குப் பக்கத்தில் பாலையா நிற்கவே முடியாது. தொழிலில் நின்ற காலத்தை வைத்துப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிவிடும். பாகவதரின் சினிமா வாழ்வு 1944க்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. பாலையாவோ 1968இல் ‘தில்லானா மோகனாம்பா’ளில் தவில் வித்வானாக வந்து படத்தின் பாதிக் கைதட்டலை வாங்கிக்கொண்டு போனார்.

இதற்கு அதிர்ஷ்டத்தையும், பாகவதர் 1944இல் கைதான கொலை வழக்கையும் மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. அந்தக் காலத்து நாயகனின் தொழில் ஒரே ஒரு நிபந்தனையின் மேல் நின்றது: கேமரா ஓடும்போதே, சுருதி பிசகாமல், சொந்தக் குரலில் பாடவேண்டும். குணச்சித்திர நடிகரின் தொழில் பேச்சின் மேலும் முகத்தின் மேலும் நின்றது. 1931 முதல் 1950 வரை ஒலிப்பதிவில் வந்த ஏறக்குறைய எல்லா மாற்றங்களும் முதலாமவரின் காலடி மண்ணை அரித்தன, இரண்டாமவருக்கு மண் சேர்த்தன.

மகரக்கட்டு உடைந்த பிறகு

இவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடகக் கம்பெனிகளிலிருந்து வந்தவர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, எம்.ஜி. ராமச்சந்திரன் வளர்ந்த மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, ஜகந்நாதய்யர் கம்பெனி, நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால வினோத சங்கீத சபை ஆகியவைதான் அன்றைய நடிப்புப் பள்ளிகள். ஏழெட்டு வயதில் சேரும் பையனுக்குச் சோறு, துணி, படுக்க இடம், அடி, பயிற்சி எல்லாம் கம்பெனியிலேயே கிடைக்கும். பாட்டும் வசனமும் வாய்மொழியாகவே வரும். வாத்தியார் சொல்வார், பையன்கள் திருப்பிச் சொல்வார்கள்.

வேடங்கள் பிரிவுகளாக நின்றன: ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), பாலபார்ட் (சிறுவன்), கள்ளபார்ட் (திருடன்), பபூன் (கோமாளி). ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பாடும் வேடங்கள். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்கும் கேட்கவேண்டும் என்பதால் மேல்சுருதியில் பாடியாக வேண்டும். பதின்மூன்று பதினான்கு வயதில் மகரக்கட்டு வரும். குரல் உடைந்து, மேல்ஸ்தாயி எட்டாமல் போய்விடும். சிலருக்குக் குரல் திரும்பிவரும். வராதவர்களைக் கம்பெனி துரத்திவிடாது. மந்திரி, சேனாதிபதி, கிழவர், வில்லன், பபூன் என்று மாற்றிப் போடும். ஒரே இரவில் மூன்று வேடம் கட்டுவதும், காய்ச்சலில் படுத்தவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் ஏறுவதும் இவர்கள் பாடு. பாட்டில் இழந்ததை வசன நினைவிலும் வேட மாற்றத்திலும் ஈடுகட்டக் கற்றுக்கொண்டார்கள். பின்னால் சினிமா இவர்களிடம் கேட்டதும் இந்த இரண்டு திறமைகளைத்தான்.

வேடத்தின் பெயரே ஆளின் பெயராக ஒட்டிக்கொண்டதும் மேடையில்தான். ‘கோவலன்’ நாடகத்தில் காளி வேடம் கட்டிப் பேர் வாங்கியவர் காளி என். ரத்னம். அவர் நல்ல நடிப்பு வாத்தியாரும்கூட. அவரிடம் பாடம் கேட்ட பையன்களில் ஒருவர் எம்.ஜி.ஆர்.

ரயிலேறிப் போன கம்பெனிகள்

முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31இல் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. எடுத்தது பம்பாய் இம்பீரியல் கம்பெனி, இயக்கியவர் எச்.எம். ரெட்டி. நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, மற்றவர்கள் தெலுங்கிலும் பேசினார்கள். சென்னையில் ஒலிப்பதிவு வசதியுள்ள ஸ்டூடியோ 1934 வரை கிடையாது. அந்த ஆண்டில்தான் ஏ. நாராயணன் சீனிவாசா சினிடோனைத் தொடங்கினார். அங்கே ஒலிப்பதிவு செய்தவர் அவருடைய மனைவி மீனாட்சி.

அதுவரை பம்பாய், கல்கத்தா என்று வெளியூர் ஸ்டூடியோதான். நடிகர்கள், பக்கவாத்தியக்காரர்கள், சமையல்காரர்கள் எல்லோரையும் ரயிலேற்றி அழைத்துப்போய்ச் சில வாரங்களில் முடித்துவிட்டுத் திரும்பவேண்டும். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் முதலாளிக்கு லாபம் தருபவர் யார்? இரண்டு மூன்று வேடங்களைத் தாங்கக்கூடிய, வசனம் மறக்காத, புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடிய கம்பெனி நடிகர். டைரக்டருக்கும் ஒலிப்பதிவாளருக்கும் தமிழ் தெரியாத இடத்தில், உச்சரிப்பு பிசகினால் கண்டுபிடிக்கிறவர் உடன் நடிக்கிறவர்தான்.

இன்னொரு வழி, ஓடிக்கொண்டிருக்கும் நாடகத்தை அதன் குழுவோடு அப்படியே படமாக்குவது. 1935இல் ராஜா சாண்டோ இயக்கிய ‘மேனகா’ அப்படித்தான் டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவைத் திரைக்குக் கொண்டுவந்தது. அதில் வந்தவர்களில் ஒருவர் என்.எஸ். கிருஷ்ணன் (என்.எஸ்.கே.). இதில் குணச்சித்திர நடிகருக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. நூறு முறை மேடையில் செய்து பார்த்த வேடம், எந்த இடத்தில் கூட்டம் சிரிக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். ஸ்டூடியோவில் சிரிக்கக் கூட்டம் இராது. கேமரா ஓடும்போது யாரும் மூச்சுவிடக்கூடாது. மேடைப் பழக்கம் இல்லாத நகைச்சுவை நடிகர் அந்த மௌனத்தில் வேகம் தவறிவிடுவார். சிரிப்புக்கு எத்தனை நொடி விடவேண்டும் என்ற கணக்கு உடம்பில் ஏறியவருக்கு அந்தக் கஷ்டம் வராது.

மைக்குக்கு முன்னால் என்னென்ன கெடும்

மேடையில் கற்றதெல்லாம் மைக்குக்கு முன்னால் அப்படியே செல்லுபடியாகவில்லை. முதல் சிக்கல் சத்தம். கொட்டகையின் கடைசி வரிசைக்குப் பேசிப் பழகிய தொண்டை, மூன்றடி தூரத்தில் தொங்கும் மைக்கை நோக்கிப் பேசும்போது ஒலி உடைந்துவிடும். ஒலிப்பதிவாளர் அளவைக் குறைத்து வைத்தால், அதே வாக்கியத்தின் தணிந்த பகுதி காணாமல் போகும். வாக்கியத்தின் தொடக்கத்தில் ஓங்கிக் கடைசிச் சொல்லை விழுங்குவது மேடை நடிகர்களிடம் பரவலாக இருந்த பழக்கம். திரையில் அது பெரிய குற்றம். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. அது விழுந்தால் செய்தியே விழுந்துவிடும்.

இரண்டாவது, தூரம். வாய்க்கும் மைக்குக்கும் இடையே உள்ள தூரம் இரட்டிப்பானால் மைக்கில் விழும் ஒலியழுத்தம் பாதியாகும். கூடவே சுவரில் பட்டு வரும் எதிரொலியின் பங்கு கூடும். மூன்றடியில் தொடங்கிய வசனத்தை இரண்டு எட்டு பின்வாங்கி முடித்தால், ஆள் ஏதோ கிணற்றுக்குள் இறங்கியதுபோலக் கேட்கும். எனவே ஆரம்பகாலப் படங்களில் பாத்திரங்கள் பேசும்போது நின்ற இடத்தில் நிற்கிறார்கள், நடக்கும்போது வாயை மூடிக்கொள்கிறார்கள். அதை நடிப்புத் திறமைக் குறைவு என்று இன்று பலர் நினைப்பது அநியாயம். தலையை மட்டும் திருப்பி, தோளை அசைத்து, கையால் பேசி, காலை அசைக்காமலேயே காட்சியில் உயிர் காட்டக் கற்றவர்கள்தான் அன்று மேலே வந்தார்கள்.

மூன்றாவது, வேண்டாத ஒலி. கஞ்சி போட்ட ஜரிகைத் துணி, கைவளை, கிரீடத்தில் ஆடும் மணி, கையிலுள்ள ஓலை எல்லாமே பதிவாகும். புராணப் படங்களில் இவை உடம்பெங்கும் இருக்கும். விளக்குச் சூட்டில் மேக்கப் வழிந்தாலும் மின்விசிறி ஓடக்கூடாது. வெயிலை நம்பித் திறந்தவெளி அரங்குகளில் எடுத்த நாட்களில் காக்கையும் மேகமும் வேறு. நல்ல டேக் ஒன்று காக்கைக் கரைச்சலால் வீணாவது அன்றாட நிகழ்ச்சி.

நான்காவது, நாயகர்கள் அவ்வளவாகக் கவலைப்படாமல் விட்ட, குணச்சித்திர நடிகர்களுக்கோ வாழ்வா சாவா என்றிருந்த விஷயம். அது படத்தையும் ஒலியையும் பதிந்த விதம். முதல் இந்தியப் பேசும்படமான ‘ஆலம் ஆரா’வை இம்பீரியல் கம்பெனி எடுத்த டானார் கருவி இரண்டையும் ஒரே பிலிமில் பதிந்தது. அத்தகைய முறையில் ஒரு குறிப்பிட்ட சொல்லின் ஒலியும் அதைச் சொல்லும் உதடும் பிலிமில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. புரொஜெக்டரில் ஒலியைப் படிக்கும் இடம் லென்சிலிருந்து விலகியிருப்பதால் ஒலி சுமார் 20 பிரேம் தள்ளி நிற்கும். நொடிக்கு 24 பிரேம் என்ற வேகத்தில் அது முக்கால் நொடிக்குச் சற்று மேல். பேச்சின் நடுவே கத்தரித்தால் ஒன்று சொல் அறுபடும், அல்லது அடுத்தவரின் முகத்தின் மேல் முந்தையவரின் குரல் ஓடும். ஆகவே ஒவ்வொரு ஷாட்டின் தலையிலும் வாலிலும் நடிகர் ஒரு நொடி சும்மா நிற்கவேண்டும். பழைய படங்களில் வசனத்துக்கு வசனம் விழும் அந்த விசித்திரமான இடைவெளியின் ஒரு காரணம் இது.

இதனால் கேட்பவரின் முகத்தைக் காட்டவே முடியவில்லை என்பதுதான் முக்கியம். ஒருவர் பேசப்பேச, அதைக் கேட்கும் இன்னொருவரின் முகம் மாறுவதுதான் குணச்சித்திர நடிப்பின் சாரம். கேமரா பேசுகிறவரைவிட்டு நகர முடியாதபோது அந்தக் கலைக்கு இடமேது? ஒலிக்குத் தனிப் பிலிம், படத்துக்குத் தனிப் பிலிம் என்று பிரிந்து, இரண்டையும் எடிட்டிங் மேசையில் பக்கத்தில் வைத்து ஓட்டும் முறை வந்த பிறகுதான், நாயகன் பேசும் வசனத்தின் மேல் வில்லனின் புருவத்தை ஒட்டவைக்க முடிந்தது. குணச்சித்திர நடிகர்களுக்கு எந்தத் தனி மனிதரும் செய்யாத உதவியை இந்தக் கருவி மாற்றம் செய்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

கச்சா பிலிம் முழுக்க முழுக்க இறக்குமதி. நிமிடத்துக்கு 90 அடி ஓடும். நான்கு நிமிடக் காட்சியை ஒருவர் கடைசி வரியில் உளறிக் கெடுத்தால் 360 அடி குப்பை. பின்னணி வாத்தியக்காரர்களும் கேமரா எல்லைக்கு வெளியே உட்கார்ந்து அதே நேரத்தில் வாசித்துக்கொண்டிருந்தால் அவர்களும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஒரே டேக்கில் முடிக்கிறவர் என்று பெயரெடுத்தவருக்கு அடுத்த படம் தானாக வந்ததற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

1936, 1937

‘சதி லீலாவதி’ எஸ்.எஸ். வாசனின் கதை. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் முதன்முதலாகத் தனியாக இயக்கிய படம். எம்.கே. ராதா நாயகன். பாலையா, என்.எஸ். கிருஷ்ணன், இன்ஸ்பெக்டராக எம்.ஜி.ஆர். என்று இந்த ஒரு படத்தின் சிறு வேடங்களிலிருந்து கிளம்பியவர்களை எண்ணினால் தமிழ் சினிமாவின் அடுத்த முப்பது ஆண்டுகள் கண்ணில் தெரியும். டங்கனுக்குத் தமிழ் தெரியாது. அது ஒரு குறையாகத் தோன்றினாலும் நடிகர்களுக்கு ஒரு விதத்தில் நல்லதாகவே முடிந்தது. வசனத்தின் அழகில் மயங்க அவரால் முடியாது, எனவே முகத்தையும் உடம்பையும்தான் பார்த்தார். மேடைத்தனமான கையாட்டத்தைக் குறைக்கச் சொன்னார், கேமராவை அருகே கொண்டுபோனார்.

அடுத்த ஆண்டு அதே டங்கன் இயக்கத்தில் ‘அம்பிகாபதி’. இதில் நடந்த மாற்றம் எழுத்தில். இளங்கோவன் எழுதிய வசனம், அதுவரை திரையில் கேட்ட, வடமொழி கலந்த மணிப்பிரவாளத்திலிருந்து விலகிச் செறிவான தமிழுக்கு வந்தது. கம்பராகச் செருகளத்தூர் சாமா, வில்லன் ருத்ரசேனனாகப் பாலையா. பாட்டுக்கு நடுவே இட்டு நிரப்பும் பேச்சாக இருந்த வசனம், காத்திருந்து கேட்கும் வசனமாக மாறத் தொடங்கியது இங்கே. ‘பவளக்கொடி’யில் பாடல்கள் ஐம்பது. ஒரு பாட்டுக்கு இரண்டு நிமிடம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் நூறு நிமிடம் பாட்டுக்கே போய்விடும். மிச்சத்தில்தான் மற்ற அத்தனை பேரும் வாழவேண்டியிருந்தது. பாடல்களின் எண்ணிக்கை குறையக் குறைய அந்த மிச்சம் பெரிதானது.

கூலி, ஒப்பந்தம், தனி டிராக்

1935இல் ‘பக்த நந்தனா’ருக்குக் கே.பி. சுந்தராம்பாள் வாங்கிய தொகை ஒரு லட்சம் ரூபாய். பாடும் நட்சத்திரத்துக்குச் சந்தை கொடுத்த மதிப்பு அது. துணை வேடக்காரர்களுக்கு அந்த உயரத்தில் பாதியும் கிடையாது. படத்துக்கு இவ்வளவு என்று பேசி முன்பணம் வாங்குவது ஒரு முறை. படம் நின்றுபோனால் மீதி வராது. இரண்டாவது, ஸ்டூடியோவில் மாதச் சம்பளம். சேலத்தில் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1941 முதல் வாசனின் ஜெமினி ஆகியவை நடிகர்களைச் சம்பளப் பட்டியலில் வைத்திருந்தன. சம்பள நடிகர் சொன்ன வேடத்தைக் கட்டவேண்டும். ஜெமினியில் கொத்தமங்கலம் சுப்பு கதை இலாகாவிலும் இருந்தார், 1947இல் ‘மிஸ் மாலினி’யில் சம்பத்தாகவும் நடித்தார், 1953இல் ‘ஔவையா’ரை இயக்கவும் செய்தார். கூடுதல் திறமை உள்ளவருக்கு இந்த முறை வளர இடம் தந்தது. இல்லாதவருக்கு மாதம் பிறந்தால் அரிசி வாங்க வழி தந்தது. அதையும் குறைத்து மதிப்பிடக்கூடாது.

மூன்றாவது வழியை உருவாக்கியவர் என்.எஸ்.கே. தன் நகைச்சுவைப் பகுதியைத் தானே எழுதி, தன் குழுவை வைத்துத் தனியாகத் தயார் செய்து, படத்தில் சேர்த்துக்கொள்ளும்படி கொடுத்தார். 1936இல் ‘வசந்தசேனா’ படப்பிடிப்புக்குப் புனா போனபோது சந்தித்த டி.ஏ. மதுரம் அவருக்கு மனைவியும் ஆனார், திரை ஜோடியும் ஆனார். காளி என். ரத்னமும் சி.டி. ராஜகாந்தமும் இன்னொரு ஜோடி. 1941இல் ‘சபாபதி’யில் வேலைக்காரச் சபாபதியாக ரத்னமும் தமிழ் வாத்தியாராகக் கே. சாரங்கபாணியும் நாயகன் டி.ஆர். ராமச்சந்திரனைச் சுற்றி நின்று படத்தையே தூக்கிக்கொண்டு போகிறார்கள். அந்தப் படம் இன்றும் சிரிக்கவைப்பது முழுக்க முழுக்கப் பேச்சின் நேரக் கணக்கால்.

தனி டிராக்கின் பலம் வியாபாரப் பலம். தயாரிப்பாளருக்கு நகைச்சுவை கைக்கு வந்துவிடும், கதாசிரியருக்குத் தலைவலி இல்லை, நடிகருக்குத் தன் பகுதியின் மேல் முழு உரிமை. பலவீனம், அது கதையோடு ஒட்டாதது. ஒட்டாததை வெட்டுவது எளிது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தப் பலவீனம் வெளியே வந்தது. பிலிம் இறக்குமதி சுருங்கியதால் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசு விதித்தது. அதாவது சுமார் 122 நிமிடம். அதற்கு முன் 18,000 அடி, அதாவது மூன்று மணி இருபது நிமிடம் ஓடும் படங்கள் சாதாரணம். 18,000 அடியில் 3,000 அடி நகைச்சுவை என்றால் ஆறில் ஒரு பங்கு. 11,000 அடியில் அதே 3,000 அடி கால் பங்குக்கும் மேல். கிளைக்கதை சுருங்கியாக வேண்டும், அல்லது நகைச்சுவை நடிகர் மூலக்கதைக்குள்ளேயே ஒரு பாத்திரமாக நுழையவேண்டும். நுழையத் தெரிந்தவர்கள் தப்பினார்கள்.

1944 இறுதியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ்.கே.யும் சேர்ந்தே கைதானார்கள், 1947இல் சேர்ந்தே விடுதலையானார்கள். ஒரே வழக்கு, ஏறக்குறைய ஒரே சிறைக்காலம். என்.எஸ்.கே. உள்ளே இருந்தபோது மதுரம் நாடகக் குழுவை நடத்தினார், ‘பைத்தியக்காரன்’ படம் எடுக்கப்பட்டது. வெளியே வந்தவர் 1949இல் ‘நல்லதம்பி’, 1951இல் ‘மணமகள்’, 1952இல் ‘பணம்’ என்று நடித்தார், இயக்கவும் செய்தார். பாகவதர் 1948இல் ‘ராஜமுக்தி’யோடு திரும்பினார். படம் எடுபடவில்லை, பின்னால் வந்தவையும் எடுபடவில்லை. குரல் கெட்டுப்போகவில்லை. அந்தக் குரலைச் சுற்றிக் கட்டியிருந்த படங்களின் காலம் முடிந்துவிட்டது.

பின்னணிக் குரல் செய்த வேலை

1938இல் ஏ.வி. மெய்யப்பன் எடுத்த ‘நந்தகுமா’ரில் லலிதா வெங்கடராமன் திரைக்குப் பின்னிருந்து பாடினார், நடிகை வாயசைத்தார். பாட்டை முன்பே பதிந்துகொண்டு, படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு உதடசைக்கும் முறை நிலைபெற இன்னும் சில ஆண்டுகள் ஆயின. நிலைபெற்றதும், பாடத் தெரிந்திருக்கவேண்டும் என்ற நாயகத் தகுதி கழன்றது. 1936 முதல் சிறு வேடங்களில் நின்ற எம்.ஜி.ஆர். 1947இல் ‘ராஜகுமாரி’யில் நாயகனானார். அடுத்த ஆண்டு ‘மோகினி’யில் பாலையாவே முன்னணி வேடத்தில் நின்றார். 1952இல் ‘பராசக்தி’யில் வந்த சிவாஜி கணேசனுக்கு சி.எஸ். ஜெயராமன் பாடினார்.

பெண்களில் பி. கண்ணாம்பா இந்த மாற்றத்தின் தெளிவான சாட்சி. தாய்மொழி தெலுங்கு. 1942இல் இளங்கோவன் வசனத்தில் கண்ணகியாக நின்றவர், 1954இல் ‘மனோகரா’வில் தாயாக, “பொறுத்தது போதும், பொங்கி எழு” என்று முழங்கினார். நாயகியிலிருந்து அம்மாவுக்கு இறங்குவதைத் தோல்வியாகக் கருதும் தொழிலில், அம்மா வேடத்தையே படத்தின் உச்சமாக்கிக் காட்டியது அவருடைய உச்சரிப்பு. சொல்லின் முதலெழுத்தில் விழும் அழுத்தமும் கடைசி எழுத்துவரை தளராத மூச்சும் அந்த ஒரு காட்சியிலேயே பாடம்போலக் கிடைக்கின்றன.

பின்னணிக் குரல் ஒரு புதிய போட்டியையும் கொண்டுவந்தது. பேச்சாற்றல் உள்ளவர்களே நாயகர்களாகிவிட்டதால், பேச்சு குணச்சித்திர நடிகரின் தனிச்சொத்தாக இல்லை. நீண்ட வசனம் நாயகன் கைக்குப் போயிற்று. 1949இல் அண்ணாதுரை எழுதிய ‘வேலைக்கா’ரியில் நண்பன் மணியாக வரும் பாலையா, கத்தியைத் தீட்டாதே, புத்தியைத் தீட்டு என்று சொல்லும் இடம் இடைக்காலத்தின் நல்ல உதாரணம். கருத்து நாயகனுடையதல்ல, நண்பனுடையது. நான்கைந்து ஆண்டில் இப்படிப்பட்ட வரிகளெல்லாம் நாயகன் வாய்க்கு மாறிவிட்டன.

பாலையா இதற்குக் கொடுத்த பதில் மூன்று வகை. ஒன்று, கொச்சையும் பேச்சு வழக்கும். ‘தூக்குத் தூக்கி’யில் (1954) அவர் வடநாட்டுச் சேட். உடைந்த தமிழ் எங்கே உடையவேண்டும் என்பதை அளந்து உடைக்கிறார், ஒரு சொல்கூடப் புரியாமல் போவதில்லை. ‘தில்லானா மோகனாம்பா’ளின் தவில்காரர் பேசும் தஞ்சை வட்டாரப் பேச்சு அதற்கு நேர் எதிர்த் துருவம். இரண்டாவது, வில்லத்தனத்தை வயதுக்கேற்ப மாற்றியது. ‘மதுரை வீர’னில் (1956) நரசப்பன். ‘பாகப்பிரிவினை’யில் (1959) மனைவி பேச்சைக் கேட்டுத் தடுமாறும் அண்ணன். கெட்டவனிடமிருந்து பலவீனமானவனுக்கு அவர் நகர்ந்த தூரத்தை இந்த இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் அளக்கலாம்.

மூன்றாவது, கேட்பது. ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) மகன் செல்லப்பாவாக வரும் நாகேஷ் அப்பா பாலையாவிடம் பேய்ப்படக் கதை சொல்கிறார். நாகேஷின் சத்தங்களுக்காக அந்தக் காட்சி பேர்பெற்றிருக்கிறது. பயம் பார்வையாளருக்கு ஏறுவது பாலையாவின் முகம் வழியாக. முதலில் அலட்சியம், பிறகு ஆர்வம், கண் நிலைக்குத்தும் இடம், துண்டைப் பிடிக்கும் கை. அவருக்கு வசனம் ஏறக்குறைய இல்லை. 1930களின் கேமராவும் ஒலிக்கருவியும் எடுத்திருக்கவே முடியாத காட்சி அது.

1965இல் ‘திருவிளையாட’லில் பாலையா, ஹேமநாத பாகவதர் என்ற பாடகர். ‘ஒரு நாள் போதுமா’ பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. உதடசைப்பவர்கள் பலர் சொல்லுக்கு வாயைத் திறந்து மூடுவதோடு நின்றுவிடுவார்கள். சங்கதி (ஒரே வரியை நயம் மாற்றிப் பாடுவது) எங்கே பிறக்கிறதோ அங்கே தாடையையும் கழுத்தையும் கொண்டுவர மாட்டார்கள். மூச்செடுக்கும் இடத்தில் மார்பு அசையாது. கண்டுபிடிக்க எளிதான வழி ஸ்வர வரிசைகள். அங்கே பொய் உடனே வெளிப்படும். பாலையா மூச்சை எடுக்கிறார், அகங்காரத்தோடு சபையைப் பார்க்கும் பார்வையைத் தாளத்தின் மேல் வைக்கிறார், தொண்டை அசைகிறது. பாட்டாலேயே நாயகர்களை அளந்த காலத்தில் வில்லனாக நுழைந்தவர், தமிழ்த் திரையின் ஆகச் சிறந்த பாட்டுக்காரப் பாத்திரங்களில் ஒன்றைப் பாடாமலேயே செய்துமுடித்தார்.

எஞ்சியிருப்பவை

இந்தத் தொழிலை ஆராய்வதில் உள்ள பெரிய இடர், சான்று. அன்றைய பிலிம் நைட்ரேட். எளிதில் தீப்பிடிக்கும், வைத்திருந்தால் பிசுபிசுத்துப் பொடியாகும். தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் புனேயில் அமைந்தது. அதற்குள் முதல் பத்தாண்டுப் படங்களில் பெரும்பகுதி போய்விட்டது. ‘காளிதா’ஸின் பிரதி இல்லை.

எஞ்சியவை பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும். பாட்டுப் புத்தகத்தில் நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாடல் வரிகள் இருக்கும். வசனம் இராது. ஆக, பிரதி அழிந்த படத்தில் நாயகனின் பங்கு வரியாகவும் தட்டாகவும் பிழைத்திருக்கிறது, குணச்சித்திர நடிகரின் பங்கு ஒரு பெயராக மட்டும் நிற்கிறது. அந்தப் பெயர்களைப் படத்துக்குப் படம் ஒப்பிட்டால் யார் எந்தக் கம்பெனியிலிருந்து யாரோடு வந்தார்கள், எந்த ஆண்டில் பெயர் பட்டியலில் மேலே ஏறியது என்பதைக் கண்டுபிடிக்கலாம். எப்படிப் பேசினார்கள் என்பதை மட்டும் அதிலிருந்து பெற முடியாது. அதற்குப் பிழைத்த படங்களைத்தான் பார்க்கவேண்டும்: ‘அம்பிகாபதி’, ‘சபாபதி’, ‘கண்ணகி’, ‘ஹரிதாஸ்’, ‘வேலைக்காரி’ என்ற வரிசையில் பார்ப்பது நல்லது. பாட்டு முடிந்ததும் காட்சியைத் தள்ளி ஓட்டாமல், மைக் எங்கே தொங்கியிருக்கும் என்று யோசித்துக்கொண்டு, பேசாமல் நிற்பவரின் முகம் எந்தப் படத்திலிருந்து திரையில் வரத் தொடங்குகிறது என்று கவனியுங்கள்.